கட்டைக்குத் திருமண் இட்டவன்

பௌதிகத்தில் என்னைப் போல் கரைகண்டவன் ஸ்ரீரங்கத்தில் வேறு யாரும் இல்லை என்று இருபத்து நான்காவது வயதில் நான் திடமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் வேறு யாரும் அப்படி நம்பவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பி.ஏ. முடித்து, அதற்குமேல் ஆசிரியர் பயிற்சியான எல்.டி.யும் முடித்து, திருச்சியில் மலைக்கோட்டைக்கு அருகே இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அதற்கு நான் செய்த கெடுதல் போதும்.

சேர்ந்திருந்தேன் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். பழைய சயன்ஸ் வாத்தியார் உடம்பு சரியில்லாமல் நீண்ட லீவில் போயிருந்தார். அவர் திரும்பமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய நாற்காலியில் என்னைத் தற்காலிகமாகத்தான் உட்கார வைத்திருந்தார்கள். அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல் என் வாழ்க்கையையே பிடித்து நிறுத்தியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி லால்குடியில் அவளுடைய அப்பா வீட்டிலேயே இருந்தாள்.

என் மாமனார் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத எதையும் நம்பமாட்டார். "வேலை பெர்மனன்ட் ஆகட்டும், மாப்பிள்ளை. ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே நானே கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன்" என்று கல்யாணப் பந்தலிலேயே சொல்லிவிட்டார். என் அம்மாவுக்கு இதில் மகா வருத்தம். எனக்கு இருந்தது வருத்தம் மட்டும் இல்லை. என் மனைவிக்குப் பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்தவள். கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவாள். எட்டு மாதத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆசை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் லால்குடிப் பக்கம் போகிற வண்டி ஊதினால் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன் என்று சொல்லலாம். ஆனால் பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்கு அந்தச் சத்தம் கேட்காது. கேட்டிருந்தால் நின்றிருப்பேன்.

நவராத்திரி தொடங்கும் சமயத்தில் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பூஜை லீவு முடிஞ்சு ஒரு வாரத்துல இன்ஸ்பெக்டர் வர்றார். உங்க வகுப்பைப் பார்ப்பார். அவர் நல்லதா ரெண்டு வரி எழுதினார்னா கமிட்டி உங்களை நிரந்தரம் பண்ணிடும். என்ன பாடம் எடுக்கப் போறீங்க?"

"உராய்வு, சார்" என்றேன் ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது தப்பவே முடியாத பாடம். ஒரு நீளமான பலகை. அதன்மேல் ஒரு தேக்குக் கட்டை. கட்டையிலுள்ள கொக்கியில் நூலைக் கட்டி, பலகையின் கோடியிலுள்ள கப்பியின்மேல் போட்டு, நூலின் மறுமுனையில் ஒரு தட்டைத் தொங்கவிட வேண்டும். தட்டில் எடைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கட்டை நகரும். கட்டை இருநூறு கிராம். தட்டோடு சேர்த்து அறுபது கிராம் தொங்கினால் நகரும். கட்டையின்மேல் இன்னொரு இருநூறு கிராமை ஏற்றினால் நூற்றிருபது வேண்டும். சுமை இரட்டித்தால் இழுக்கிற விசையும் இரட்டிக்கும். ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அறுபதை இருநூறால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி மூன்று. நூற்றிருபதை நானூறால் வகுத்தாலும் அதேதான். அந்த மாறாத எண்தான் இந்தப் பலகைக்கும் இந்தக் கட்டைக்கும் உள்ள உராய்வுக் கெழு. கணக்கு இவ்வளவுதான். நான்காம் பாரத்து, அதாவது ஒன்பதாம் வகுப்புப் பையன்களே போட்டுவிடுவார்கள்.

லீவுக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார்ந்து பத்துத் தடவை செய்து பார்த்தேன். பத்துத் தடவையும் புள்ளி மூன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் வகுப்பில் இருந்தது நடுவில் அச்சு வைத்துச் சுழல்கிற கரும்பலகை. அதன் பின்பக்கத்தில், கலர் சாக்பீஸ்களால், விடைகளையெல்லாம் அட்டவணையாக எழுதி வைத்தேன். சோதனை முடிந்ததும் பலகையை ஒரே சுழற்றாகச் சுழற்றிக் காட்டினால் இன்ஸ்பெக்டர் அசந்துபோவார் என்று திட்டம்.

சரஸ்வதி பூஜைக்கு லாபரட்டரி சாமான்களை மேஜைமேல் வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் இடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அலமாரியிலிருந்து அவற்றை எடுத்துக் கொடுத்தவர் எங்கள் அட்டெண்டர். எல்லோரும் அவரை ராவுத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். கறுப்புத் தாடி, காக்கிக் கோட்டு, தலையில் வெள்ளைக் குல்லா. அந்த அறையில் எந்த சீசாவில் என்ன இருக்கிறது என்பது லேபிளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு தராசை நெருங்கியபோது, "சார், தட்டுல வேணாம் சார். எடை மாறிடும். காம்புல ஒரு பொட்டு வைங்க, போதும்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா, ராவுத்தரே?" என்றேன். தெரிந்துதான் இருந்தது. அவர் சொன்னபிறகு.

மற்ற சாமான்களுக்குச் சந்தனம் போதும். ஆனால் அந்தத் தேக்குக் கட்டை சாதாரணக் கட்டையா? என் உத்தியோகமும் என் தாம்பத்தியமும் அதன்மேல் அல்லவா இருந்தன? ஆகவே ஸ்ரீரங்கத்துக்காரன் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதையை அதற்குச் செய்வதென்று தீர்மானித்தேன். வீட்டிலிருந்து திருமண் பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கத்தில் எடை வைப்பதற்காகக் குழிவு இருந்தது. முன்னால் கொக்கி. பின்னால் பள்ளிக்கூடத்தின் நம்பர் பெயிண்டில். ஒரே ஒரு பக்கம்தான் இழைத்து வழவழவென்று, குளித்துவிட்டு வந்த நெற்றிபோல் இருந்தது. அந்தப் பக்கத்தில் குழைத்த திருமண்ணால் இரண்டு வெள்ளைக் கோடு இழுத்து, நடுவில் ஸ்ரீசூர்ணத்தைச் சிவப்பாகத் தீட்டினேன். அவ்வளவு நேர்த்தியாக என் சொந்த நெற்றியில்கூட அதற்கு முன்னால் வந்ததில்லை. தள்ளி நின்று ரசித்தேன்.

அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் அப்படி வழவழவென்று இருக்கிறது என்று ஒரு பி.ஏ., எல்.டி. யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு வாரம் கழித்து வரவில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே, முதல் மணி அடிக்கும் முன்பே வந்து ஹெட்மாஸ்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார். காவேரிப் பாலத்தைச் சைக்கிளில் தாண்டி வந்து இறங்கியதும் எனக்குச் செய்தி சொன்னார்கள். பதறவில்லை. பத்துத் தடவை செய்து பார்த்தவன் எதற்குப் பதற வேண்டும்? ராவுத்தரிடம், "அந்தப் பலகை, கப்பி, கட்டை மூணையும் வகுப்புல கொண்டுபோய் வைங்க. குழிவு மேல இருக்கட்டும், கொக்கி கப்பியைப் பார்த்து இருக்கட்டும்" என்று உத்தரவிட்டேன்.

"சார், அந்தக் கட்டையில..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும். சீக்கிரம்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஜரிகைத் தலைப்பாகையும் கழுத்துவரை மூடிய கோட்டுமாகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர். முப்பத்தைந்து பையன்கள் மூச்சுவிடாமல் இருந்தார்கள். வாசற்படிக்கு அருகே, ஏதாவது தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்க, தோளில் துணியோடு ராவுத்தர் நின்றார். அந்தக் காலத்தில் பாடம் நடத்துவது இங்கிலீஷில், திட்டுவது தமிழில். நான் கம்பீரமான இங்கிலீஷில் உராய்வு என்றால் என்ன என்று விளக்கினேன். அது எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்றேன். கட்டை அசையாமல் இருக்கும்வரை உராய்வும் இழுக்கிற விசையும் சமமாக இருக்கும் என்றேன். பிறகு தட்டில் எடைகளை வைக்கத் தொடங்கினேன்.

நாற்பது. ஐம்பது. அறுபது வைத்துவிட்டுப் பலகையை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். கட்டை அசையவில்லை. சிரித்துக்கொண்டே எழுபது வைத்தேன். எண்பது வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தொண்ணூறு. நூறு. கட்டை அந்த இடத்தில் பட்டா வாங்கிக் குடியேறிவிட்டதுபோல் இருந்தது. நூற்றுப்பத்து வைத்ததும் 'சர்ர்' என்று ஒரு சத்தத்தோடு இரண்டு அங்குலம் உதறி நகர்ந்து நின்றது.

அப்போது நான் செய்ததை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. வகுப்பைப் பார்த்து, குரல் கொஞ்சமும் நடுங்காமல், "சிக்ஸ்டி கிராம்ஸ்" என்றேன்.

"நூத்திப்பத்து, சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் திருத்தியது. அவர்கள் என்னிடம் அப்படி ஒருமித்துப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுபடி செய்தேன். தொண்ணூறில் நகர்ந்தது. மூன்றாம் தடவை எழுபத்தைந்து. அதே கட்டை, அதே பலகை, ஆனால் மாறவே கூடாத எண் ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டே வந்தது. "சோதனைப் பிழை" என்று முணுமுணுத்தேன். இன்ஸ்பெக்டர் எழுந்து முன்னால் வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார். கட்டை நகர்ந்த வழி முழுக்கப் பலகையின்மேல் இரண்டு வெள்ளைக் கோடுகளும் நடுவில் ஒரு சிவப்புக் கோடும் இழுபட்டிருந்தன. கட்டை தான் போன இடமெல்லாம் நாமம் சாத்திக்கொண்டே போயிருக்கிறது. அவர் கட்டையை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கத்தில், பாதி தேய்ந்து, மீதி பளிச்சென்று, என் கைவண்ணம்.

"யார் செய்தது இது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

என் வாய் மூளையைக் கேட்காமல் பதில் சொன்னது. லால்குடி, மாமனார், ஆர்டர், மனைவி எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். "அட்டெண்டர், சார்" என்றேன்.

முப்பத்தைந்து தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அங்கே தாடியும் குல்லாவுமாக ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் வகுப்பு சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் சரித்திரப் பாடம் நின்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். உலகத்தில் பொய் சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒரு ராவுத்தர் கட்டைக்குத் திருமண் இட்டார் என்று, தன் நெற்றியில் அதே திருமண்ணை வைத்துக்கொண்டு பொய் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நீரா போட்டீர்?" என்று ராவுத்தரைத் தமிழில் கேட்டார்.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் கப்பியைப் பார்த்தேன். "எனக்கு அது போடத் தெரியாதுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் என் நெற்றியைப் பார்த்தார்; கட்டையைப் பார்த்தார்; மறுபடி என் நெற்றியைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ராவுத்தரிடம் ஈரத் துணி வாங்கிக் கட்டையையும் பலகையையும் தாமே துடைத்து, உலரவிட்டு, எடைகளை வைத்தார். அறுபதில் கட்டை மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மண் உதிர உதிர எப்படித் தேவையான எடை குறைந்தது என்று பையன்களிடமே கேட்டு, அவர்கள் வாயாலேயே விடையை வரவழைத்தார். அருமையான பாடம். நான் ஓரமாக நின்று கேட்டேன். கணக்கை எழுத இடம் வேண்டியிருந்ததால் கடைசியில் கரும்பலகையைச் சுழற்றினார். பின்பக்கத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சளில் எல்லா விடைகளும் முன்கூட்டியே தயாராக இருந்தன.

அவர் எழுதிய குறிப்பை ஹெட்மாஸ்டர் எனக்குப் படித்துக் காட்டினார். "ஆசிரியருக்கு விடை தெரிந்திருக்கிறது. கட்டையைப் பார்ப்பதில்லை." அவ்வளவுதான். கமிட்டி கூடி இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம் என்று தீர்மானித்தது.

செய்தி எனக்கு முன்னால் காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்துவிட்டது. கோயிலில் பெருமாளைச் சேவிக்க நின்றால், பின்னாலிருந்து யாராவது, "என்ன ஸ்வாமி, கட்டை எல்லாம் க்ஷேமமா?" என்பார்கள். முதல் நாலு நாள் ஓடி ஒளிந்தேன். பிறகு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். மற்றவர்கள் சொல்லும் முன்பே நானே அந்தக் கதையைச் சொல்லிவிடுவது. நூற்றுப்பத்து கிராமை அறுபது என்றது, பலகையில் கோடு விழுந்தது, இன்ஸ்பெக்டர் என் நெற்றியைப் பார்த்தது எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொல்வேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னை நல்ல ரசிகன், தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்த பெரிய மனசுக்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தன்னையே கேலி செய்துகொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதைக் கேலி செய்வது என்று நாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தீபாவளி வந்தது. எனக்குத் தலை தீபாவளி. லால்குடிக்குப் போனேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேஷ்டி கட்டி, பட்சணத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மாமனார் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஆர்டர் என்னாச்சு, மாப்பிள்ளை?" இன்ஸ்பெக்டர் வைஷ்ணவத்தில் எங்களுக்கு எதிர்க் கலை, என் நெற்றி நாமத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம் என்று ஒரு சால்ஜாப்பு தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. கதையைச் சொல்லிவிட்டேன். வழக்கம்போல் அபிநயத்தோடுதான். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்போ இன்னும் ஒரு வருஷம்" என்றார். மாமியார் உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

சற்று நேரம் கழித்து அவள் காபி கொண்டுவந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அந்த அட்டெண்டர்கிட்ட அப்புறம் என்ன சொன்னேள்?"

"எப்போ?"

"எல்லாம் முடிஞ்சப்புறம்."

"ஒண்ணும் சொல்லலையே. என்ன சொல்லணும்? எல்லாரும் சிரிச்சா, அதோட போச்சு."

"அவர் சிரிச்சாரா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இருபது தடவையாவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். பையன்கள் சிரித்ததைச் சொல்வேன், ஹெட்மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டதைச் சொல்வேன். ராவுத்தர் முகம் எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. "சிரிக்கலை" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "வேலை பெர்மனன்ட் ஆறதும் ஆகாததும் அப்பாவோட கவலை. எனக்கு அது இல்லை. பயம் வந்தா பக்கத்துல நிக்கறவா மேல பழியைத் தூக்கிப் போட்டுடறேள். நாளைக்கு நான்தானே உங்க பக்கத்துல நிக்கப்போறேன்? அவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. கேட்டேள்னா எனக்கு எழுதுங்கோ. நான் அப்பாகிட்டப் பேசிக்கறேன்."

காபி ஆறிவிட்டது. நான் குடித்தேனா என்று நினைவில்லை. அவமானமாக இருந்தது, இன்ஸ்பெக்டர் முன்னால் பட்டதைவிட அதிகமாக இருந்தது. அவமானத்துக்கு அடியில், இப்படி ஒருத்தியா எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. அதோடு, மன்னிப்புக் கேட்காவிட்டால் இவள் வரமாட்டாள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராவுத்தரின் வீட்டைத் தேடிப் போனேன். தர்காவை அடுத்த ஒரு சந்தில் இருந்தது. முனையிலிருந்த பீடிக் கடையில் விசாரித்துவிட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் அங்கேயே நின்றேன். நிற்கிற பொருளைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும், கிளம்பிய பிறகு குறைவாகப் போதும் என்று பையன்களுக்கு ஒப்பிப்பவன் நான். கிளப்ப யாராவது பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் நன்றாயிருக்குமே என்று பட்டது. கடைக்காரர், "அந்தப் பச்சைக் கதவுதாங்க, போங்க" என்று இரண்டாம் தடவை சொன்னதும்தான் நகர்ந்தேன்.

ராவுத்தர் என்னைக் கண்டதும் திகைத்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே, நடு வாசலில், மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். அன்றைக்குத் தப்புச் செய்துவிட்டேன், உங்கள்மேல் பழி போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ரொம்ப நன்றாகச் சொன்னதாகக்கூட எனக்குள் ஒரு நினைப்பு.

அவர் நாற்காலி துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "நீங்க வந்ததே பெருசு, சார். தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். இங்க சொல்றது எனக்கும் எம் பொஞ்சாதிக்கும்தான் கேக்குது. அன்னிக்கு நீங்க சொன்னதை முப்பத்தஞ்சு புள்ளைங்க கேட்டுச்சு" என்றார்.

"அவங்களுக்குத்தான் உண்மை தெரியுமே. அன்னைக்கே எல்லாரும் சிரிச்சாங்களே."

"சிரிச்சுது, சார். அன்னியிலேருந்து நான் வராந்தாவுல போனாலே 'நாமக்கட்டை ராவுத்தரே'ங்குதுங்க. பெரிய க்ளாஸ்லேருந்து சின்ன க்ளாஸ் வரைக்கும் பரவிடுச்சு. போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசல்ல வச்சு ரெண்டு பய கத்திட்டுப் போறானுங்க. எம் மவனும் கூட இருந்தான். 'ஏன் அத்தா உங்களை அப்படிக் கூப்பிடுறாங்க'ன்னு கேட்டான். என்னன்னு சொல்றது?"

எனக்கு அது தெரியாது. ஒரே கட்டிடத்தில் தினமும் ஏழு மணி நேரம் இருந்தும் அது என் காதில் விழவில்லை. என்னைப் பற்றிய பேச்சாக இருந்தால் விழுந்திருக்கும். இன்ஸ்பெக்டர் எழுதியது சரிதான் என்று அந்தப் பச்சைக் கதவின் முன்னால் நின்றபோதுதான் முதன்முதலாக ஒத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதே வகுப்பு. ராவுத்தர் வழக்கம்போல் சாமான்களை வைத்துவிட்டு வாசற்படியருகே நின்றார். நான் புஸ்தகத்தைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இங்கிலீஷை ஒதுக்கிவிட்டுத் தமிழில் பேசினேன்.

"இன்ஸ்பெக்டர் வந்தப்போ கட்டைக்கு நாமம் போட்டது நான். என் கையால போட்டேன். வேலை போயிடுமோன்னு பயந்துட்டு ராவுத்தர் மேல பழி போட்டேன். அன்னைக்குக் காலையில அவர் என்னை எச்சரிக்க வந்தார், நான் கேக்கலை. அவர் செஞ்ச தப்பு ஒண்ணும் இல்லை. நீங்க அவருக்கு வச்சிருக்கிற பேர் எனக்குச் சேர வேண்டியது."

பேச்சின் பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அபிநயம் எதுவும் வரவில்லை. பையன்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருவனும் சிரிக்கவில்லை. ராவுத்தரிடம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஒரு தடவை அசைத்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்பிரிட் விளக்கு கொண்டாரட்டுங்களா, சார்?" என்று கேட்டார். கொண்டுவரச் சொன்னேன். பாடம் நடந்தது.

அன்று சாயங்காலமே லால்குடிக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி. வகுப்பில் நாக்கு ஒட்டிக்கொண்டதையும் எழுதினேன். மார்கழி போய்த் தை பிறந்ததும் மாமனார் அவளைக் கொண்டுவந்து விட்டார். ஆர்டர் இல்லாமல் பெண்ணை அனுப்புவது அதுதான் முதலும் கடைசியும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவள் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள்.

வந்த முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து, கூட்டத்தின் நடுவே, ஒரு பையனின் குரல் ஓங்கிக் கேட்டது.

"நாமக்கட்டை சார்!"

இன்னும் இரண்டு மூன்று குரல்கள் அதே பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடின. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புதிதாக வந்தவள் முன்னாலா இது நடக்க வேண்டும் என்று தவித்தேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"உங்களையா கூப்பிடறா?"

"ஆமாம்."

"அவரை இப்போ யாரும் அப்படிக் கூப்பிடறது இல்லையே?"

"இல்லை. நின்னுபோச்சு."

"சரி, வாங்கோ" என்று சொல்லிவிட்டு என்னோடு சேர்ந்து நடந்தாள்.